சல்லடை மண்ணில் மூஞ்சிக்காசு

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைத்துக்கொண்டிருந்த இருதயராஜுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அவர் அப்பனுக்கும் கிடையாது, அப்பனைப் பெற்றவனுக்கும் கிடையாது. ஆனால் அவர் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் பத்து மூட்டையின் மண் இருந்தது. பத்தும் பத்துத் துணி முடிச்சுகளில். ஒவ்வொரு முடிச்சிலும் மண்ணோடு மண்ணாக ஒரு வெள்ளிக்காசு.

"ஊர்ல கீற ஆம்பளைங்க நெலத்தைச் சேக்கறாங்க. எங்க வூட்டுக்காரரு வெறும் மண்ணைச் சேக்கறாரு" என்று அவர் மனைவி சவுரியம்மாள் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, அந்தப் பெட்டியை அவள் தொட்டதில்லை. ஒரே ஒரு தடவை தொட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் காரியம் தொடங்கியது விழுப்புரத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ரயிலடிக்குப் பக்கத்து மண்டி ஒன்றில் கோணி ஊசியும் சணலுமாக நாள் முழுக்கக் குனிந்த வேலை. தை மாசத்தில் ஒருநாள் ஒரு மூட்டையின் வாயை மடித்துக் குத்தும்போது ஊசி எதிலோ இடித்து நின்றது. கல் என்று விரலை விட்டு நெம்பினார். வந்தது காசு. இரண்டணாக் காசுக்குக் கொஞ்சம் பெரிசு, அதைவிடத் தடிமன். ஒரு பக்கம் தாடி வைத்த ஒருவனின் மூஞ்சி. மறுபக்கம் ஒரு மலை, மலை உச்சியில் குச்சி மாதிரி ஏதோ ஒன்று.

புதுச்சேரி ரயில் நாளுக்கு நாலு தடவை வந்து போகிற ஊரில் தெரியாத காசு கைக்கு வந்தால் அது பிரெஞ்சுக்காசுதான். இருதயராஜும் அப்படியே நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் நீட்டினார். சாமியார் பிரெஞ்சுக்காரர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தேசத்துக் காசு இல்லை. இது ரோமாபுரி ராஜா. ஆனால் எழுத்து கிரேக்கு. ரோமாபுரிக்கு அடங்கிக் கிடந்த கீழ்த்திசை நாடு எதிலோ அடித்தது. ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு வருஷம் இருக்கும்" என்றார். பிறகு, "எந்த ஊரில் கிடைத்தது?" என்று கேட்டார்.

"மூட்டையில கிடைச்சிதுங்க சாமி."

"மூட்டை எந்த ஊர்?"

இருதயராஜுக்குத் தெரியவில்லை. அது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு காசு அத்தனை கடல் தாண்டி வந்து, அத்தனை காலம் மண்ணில் கிடந்து, கடைசியில் தன் ஊசியில் வந்து இடித்திருக்கிறது, எங்கே கிடந்தாய் என்று கேட்கக்கூடத் தனக்குத் தோன்றவில்லையே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கோணியைத் தேடிப்பிடித்து மடிப்பில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்துப் பார்த்தார். பொடிப்பொடியாக வெள்ளைக்கல் கலந்த செம்மண். வண்டிக்காரர்கள் நாலு பேரிடம் காட்டினார். மூன்றாமவன் பார்த்த பார்வையிலேயே, "பனமலை ஏரிக்கு மேலண்டை கொல்லி. அந்தப் புஞ்சையிலேருந்து நான்தான் ஏத்தியாந்தேன்" என்றான்.

அன்றிலிருந்து அதுதான் அவர் முறை. காசைக் கழுவ மாட்டார். எந்த மண்ணோடு வந்ததோ அந்த மண்ணில் ஒரு பிடி சேர்த்துத் துணியில் முடிந்து, மூட்டைக்கு அடையாளம் போடுகிற கருப்பு மையால் துணி மேல் ஊர்ப்பெயரை எழுதிவிடுவார். மூன்றாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதுமாக இருந்தது.

முப்பத்தேழில் கல்யாணமாகி, பெண் வீட்டுப் பக்கமாகத் திண்டிவனத்துக்கே வந்துவிட்டார். மண்டி வேறே, வேலை அதே. ஆனால் இங்கே காசு வருகிற வழி வேறாக இருந்தது.

மல்லாட்டை மண்ணுக்குள் காய்ப்பது. பிடுங்கி, ஆய்ந்து, மூட்டை கட்டி வருகிறபோது மூட்டைக்கு நாலு படி மண்ணாவது கூட வரும். மண்டி முற்றத்தில் மூன்று கழிகளை நிறுத்தி நடுவில் பெரிய சல்லடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டிரண்டு பெண்களாக ஆட்டுவார்கள். காய் மேலே நிற்கும், மண் கீழே விழும். காய் மண்டிக்கு. விழுந்த மண் சலிக்கிறவளுக்கு. இது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் அந்தச் சீமையில் எந்த மண்டியிலும் இதுதான் வழக்கம். பெண்கள் சாயங்காலம் அந்த மண்ணைக் கூடையில் வாரிக்கொண்டுபோய் வீட்டில் புடைப்பார்கள். உடைந்த பருப்பு, சொத்தை, பிஞ்சு என்று ஒரு கூடைக்கு அரைப்படி தேறும். கேப்பைக் கூழுக்குத் துவையல் அதில்தான். மிச்சத்தைச் சேர்த்துவைத்துச் செக்கில் கொடுத்தால் விளக்குக்கும் தலைக்கும் எண்ணெய். மண்டி கொடுக்கிற கூலிக்கு யாரும் அந்தத் தூசியில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். மண்ணுக்காகத்தான் நின்றார்கள்.

அந்த மண்ணில்தான் வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு என்று காசு வந்தது. சலிக்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கோவிந்தம்மாள். இருதயராஜுக்கு மூத்தவள், பத்து ஆளுக்குச் சமமான வாய். அவர்கள் அதற்கு வைத்த பெயர் மூஞ்சிக்காசு. முன்பெல்லாம் தட்டானிடம் கொடுத்துவிடுவார்கள், அவன் உருக்கிவிடுவான். தட்டான் கொடுப்பதற்கு மேல் ஓரணா தருகிறேன் என்று இருதயராஜ் சொன்ன பிறகு அவரிடம் வந்தது.

"இன்னா தம்பி இது, மயிலம் மலையா?" என்றாள் கோவிந்தம்மாள் முதல் காசைக் கொடுத்தபோது. "இத பாரு, மேல கோபுரம்கூடக் கீது."

"ஏதோ சீமை மலை அக்கா. ஆயிரம் வருசத்துக்கு மேல ஆன காசு."

"அடப் போ! நம்ம முருகன் மலையை உட்டுட்டு எந்த மலையை அடிப்பான்? மூஞ்சியைப் பாரு, நம்ம தாசில்தாரு கணக்காக் கீறான். ஆயிரம் வருசமாம்!"

"எந்த மூட்டை மண்ணு அக்கா?"

"நான் மூட்டையையா பாத்துக்கினு கீறேன்? காயைப் பாக்கறேன், மண்ணைப் பாக்கறேன். வேணும்னா மண்ணுகிட்ட கேட்டுக்கோ."

அவர் மண்ணிடம்தான் கேட்டுக்கொண்டார். கட்டைவிரலில் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்து, வெயிலில் காயவைத்துப் பார்ப்பார். மேல்சித்தாமூர்ப் பக்கம் செம்மண் விரலில் சாயம் மாதிரி ஒட்டும். மண்டகப்பட்டு மண்ணில் பாறைத்தூள் நறநறக்கும். மரக்காணம் பக்கத்து மணல் உப்புக் கரிக்கும். சந்தேகம் வந்தால் சந்தை நாளில் வண்டிக்காரர்களைக் கேட்பார். எட்டு வருஷத்தில் அவர் சொன்ன ஊர் தப்பியது ஒரே தடவை.

சண்டைக் காலத்தில் வெள்ளி விலை ஏறியது. சர்க்கார் ரூபாயிலேயே வெள்ளி குறைந்துபோன நாள் அது. மகளுக்குக் காலில் போட ஒரு ஜோடித் தண்டை இல்லையே, பெட்டியில் கிடப்பதை உருக்கினால் என்ன என்று சவுரியம்மாள் கேட்டாள். "வேற எதுனா கேளு" என்றார் அவர். மூன்று நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டாள். நாலாம் நாள் அவளே, "உன் கூடப் பொறந்ததுங்க நல்லாக் கீதா உள்ள?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாள். அதோடு சரி.

சண்டை முடிந்து, பட்டாளத்தில் கூலியாளாகப் போயிருந்த அவள் தம்பி சவுரிராயன் சிரியாவிலிருந்து திரும்பி வந்தான். மாமாவுக்கென்று அவன் கொண்டுவந்தது பதினோராம் காசு. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிசு. மூஞ்சியும் பெரிசு. பின்னால் இறக்கையை விரித்த கழுகு.

"கடைத்தெருவுல ஒரு பொட்டி சிகரெட்டுக்கு வாங்கினேன் மாமா. அங்க இதெல்லாம் கூறுகட்டி விக்கிறான்."

இருதயராஜுக்குச் சந்தோஷம்தான். அதையும் ஒரு துணியில் முடிந்தார். மண் இல்லை. துணி மேல் 'சிரியா' என்று எழுதினார்.

அந்த வருஷம் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் தோண்டியதைப் பற்றியும் ரோமாபுரிச் சாமான்கள் கிடைத்ததைப் பற்றியும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் வடை கட்டிக்கொடுத்த பேப்பரில் பழங்காசுகளைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. எழுதியவர் சென்னையில் காலேஜ் ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் மாசிலாமணி. எண்ணெய்க் கறைக்குள் தெரிந்த விலாசத்துக்கு இருதயராஜ் ஒரு கார்டு போட்டார். 'ஐயா, என்னிடம் மலை போட்ட மூஞ்சிக்காசு பத்து உள்ளது. எல்லாம் எங்கள் பக்கத்து மல்லாட்டைக் கொல்லி மண்ணில் வந்தது. மண்ணும் உள்ளது.' பதினைந்து நாளில் பதில் வந்தது. மாசி மாசம் இரண்டாம் சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்று.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இருதயராஜ் வேலைக்குப் போயிருந்தபோதுதான் சவுரியம்மாள் பெட்டியைத் திறந்தாள்.

பட்டணத்திலிருந்து படித்த மனுஷன் வருகிறான். வீட்டை மெழுகினாள், கோலம் போட்டாள், பக்கத்து வீட்டில் ஒரு பெஞ்சு இரவல் வாங்கினாள். எல்லாம் முடிந்த பிறகு, அந்த மனுஷன் பார்க்க வருகிற சாமானே அழுக்குத் துணியில் புழுதியாகக் கிடக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. முடிச்சுகளை அவிழ்த்தாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் பதினொன்றையும் தேய்த்தாள். துணிகளையும் உவர்மண் வைத்துத் துவைத்து வேலியில் உலர்த்தினாள்.

சாயங்காலம் இருதயராஜ் வந்தபோது பித்தளைத் தட்டில் காசுகள் மல்லிகை மொட்டு மாதிரி கிடந்தன. இத்தனை வருஷத்தில் அவர் பார்க்காத கண்ணும் மூக்கும் தாடியும் தெரிந்தன. ஒரு நொடி அவருக்கே நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி கேட்டார்: "மண்ணு எங்க?"

"இன்னா மண்ணு?"

"முடிச்சுல இருந்த மண்ணு."

"கத்தரிச் செடிக்குப் போட்டேன். நல்ல மண்ணா இருந்திச்சி."

அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். பத்தும் மலை போட்ட காசு. அளவும் ஏறக்குறைய ஒன்றே. எது எந்த ஊர் என்று மண்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மூக்கு உடைந்தது பனமலை, அது தெரியும். விளிம்பில் வெட்டு விழுந்தது மண்டகப்பட்டு. இன்னும் இரண்டு தெரிந்தது. மற்ற ஆறும் ஊர் இல்லாத காசுகளாகிவிட்டன. வேலியில் ஊர்ப்பெயர் எழுதின துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

சவுரியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. "அழுக்கா காட்டினா உன்னை இன்னா நெனைப்பாருன்னுதான்..." என்றாள். அவர் காசுகளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் அவளுக்கு ஆறியிருக்கும்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் மாசிலாமணி வந்தார். கதர்ச் சட்டை, கையில் தோல் பை, பையில் பூதக்கண்ணாடி. பெஞ்சில் உட்காராமல் தரையிலேயே சம்மணம் போட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "நீங்க என்ன வச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

மண்டியில் இருதயராஜை 'நீங்க' என்று சொன்ன ஆள் இல்லை.

"ரோமாபுரிலேயே அடிச்ச வெள்ளி நம்ம நாட்டுல கிடைச்சிருக்கு, கோயமுத்தூர்ப் பக்கம் பானை பானையா. ஆனா இது மாகாணக் காசு. கப்பதோக்கியான்னு சிரியாவுக்கு வடக்கே ஒரு தேசம், அங்க அடிச்சது. இந்த மலை அந்த ஊர் மலை. இந்த மாதிரி நம்ம மண்ணுல கிடைச்சதா நான் படிச்சவரைக்கும் யாரும் எழுதலை." அவர் காசைக் கண்ணாடிக்குக் கீழே இன்னொரு தடவை திருப்பினார். "ஆனா இப்படிப் பளபளன்னு தேய்ச்சுட்டீங்களே. கார்டுல மண்ணு இருக்குன்னு எழுதியிருந்தீங்க?"

கதவோரம் நின்ற சவுரியம்மாள் உள்ளே போய்விட்டாள். இருதயராஜ் நடந்ததைச் சொன்னார். தெரிந்த நாலுக்கு ஊர் சொன்னார். கழுகு போட்ட பெரிய காசை மாசிலாமணி எடுத்தபோது, "அது மட்டும் நம்ம பக்கம் இல்லீங்க சார். எம் மச்சான் சிரியாவுலேருந்து கொண்டாந்தது" என்றார்.

மாசிலாமணி காசைத் தட்டில் வைத்துவிட்டார்.

"மச்சான் பட்டாளத்துல இருந்தாரா?"

"ஆமாங்க. போன வருசம்தான் வந்தாரு."

"இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னது நல்லது. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு சிரியாவிலேருந்து வந்திருக்கு. மத்த பத்தும் அதுக்குப் பக்கத்து தேசத்துக் காசு. மண்ணும் இல்லை. படிக்கிறவன் என்ன சொல்வான்? பதினொண்ணும் ஒரே மூட்டையில வந்ததுன்னுதானே?"

"நீங்க இன்னா சொல்றீங்க சார்?"

"நான் நம்பறேன். என் நம்பிக்கையை அச்சுல போட முடியாது." கொஞ்சம் யோசித்து, "மண்ணுல எடுத்தவங்க யாரு? அவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"மண்டியில சலிக்கிற பொம்பளைங்க. எல்லாரும் கீறாங்க."

"அவங்க நாலு பேர் என் முன்னால சொல்லட்டும். பேரு, வருஷம், எல்லாம் எழுதிக்கறேன். சாட்சியோட போடலாம். கண்டு காப்பாத்தினவர்னு உங்க பேரும் வரும்."

மண்டிக்கு நடக்கிற வழியெல்லாம் இருதயராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் பெயர் இதுவரை எழுதப்பட்டது இரண்டே இடத்தில். கோயில் புத்தகத்தில் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்குமாக இரண்டு தடவை, மண்டி ஆள்பட்டியலில் தினம் ஒரு தடவை. அதைவிடவும், இந்த மண்ணில் இது கிடந்தது என்று சர்க்காரும் காலேஜும் ஒத்துக்கொள்கிற மாதிரி எழுத்தில் ஏறிவிடும். பனமலையும் மண்டகப்பட்டும் அந்த எழுத்தில் இருக்கும். வேறென்ன வேண்டும்?

மண்டி முற்றத்தில் சல்லடை ஆடிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாளும் பாஞ்சாலியும் ஒரு சல்லடையில். பக்கத்தில் அன்றைய மண் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தது. பட்டணத்து மனிதரைக் கண்டதும் கணக்குப்பிள்ளை கிருஷ்ணசாமி நாற்காலியோடு ஓடிவந்தார்.

"வாங்க சார், உக்காருங்க. எந்த ஊரு? சரக்கு பாக்க வந்தீங்களா?"

"சரக்கு இல்லைங்க, நான் வாத்தியார்" என்றார் மாசிலாமணி. சூதுவாது தெரியாத மனுஷன், அப்படியே போட்டு உடைத்தார்: "உங்க மண்டிச் சல்லடை மண்ணுல பழைய வெள்ளிக்காசு வருதாமே? இவங்க எடுத்ததா இருதயராஜ் சொன்னாரு. அதான் விசாரிக்கலாம்னு."

சல்லடை நின்றது.

கிருஷ்ணசாமியின் கண் மாசிலாமணியைவிட்டு நகர்ந்தது. மண் குவியலுக்குப் போனது. அங்கேயே நின்றது. இருதயராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்திரியிலிருந்து மண்ணைப் பற்றி, காசைப் பற்றி, சாட்சியைப் பற்றி நினைத்தவருக்கு, சலிக்கிறவர்களின் மண்ணையே மண்டி பிடுங்கிக்கொள்ளும் என்பது தோன்றவில்லை.

"வெள்ளியா?" என்றார் கிருஷ்ணசாமி. "எங்க மண்ணுலயா? ஏண்டி கோயிந்தம்மா, இன்னாடி இது? எத்தினி வருசமா நடக்குது?"

"இன்னா நடக்குது? ஒண்ணும் நடக்கலையே" என்றாள் கோவிந்தம்மாள். "வெள்ளியும் தங்கமும் வந்தா நான் ஏன் சாமி இந்தத் தூசியில நின்னு இருமிக்கினு கீறேன்? பல்லக்குல இல்ல போவேன்?"

பாஞ்சாலி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாசிலாமணி விடாமல், "பயப்படாதீங்கம்மா. மலை போட்ட காசு, சின்னதா இருக்கும். நீங்க எடுத்து இவருக்குக் குடுத்தீங்களாமே?" என்றார்.

"மல போட்டது, மாடு போட்டது எல்லாம் எனக்குத் தெரியாது சார். இதுல வர்றது கல்லு, வேரு, ரெண்டு சொத்தை. வேணும்னா வாரிப் பாருங்க."

"வாரித்தான் பாக்கப்போறேன்" என்றார் கிருஷ்ணசாமி. "மொதலாளி காதுல போட்டுட்டு வர்றேன். இனிமே ஒரு கூடை மண்ணு வெளிய போவாது. எல்லாம் கொட்டாயிலேயே கிடக்கட்டும். அவருக்குச் சேர வேண்டியதை நீங்க வாரிக்கினு போவீங்க, நாங்க வேடிக்கை பாத்துக்கினு இருப்பமா?"

பதினாலு பெண்கள் அந்த முற்றத்தில் நின்றார்கள். கோவிந்தம்மாள் இருதயராஜைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சல்லடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சாட்சி அவளாகிவிடுவாள். அவள் எடுத்துக் கொடுத்த நாள், எடுத்துக் கொடுத்த இடம் எல்லாம் அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"ஐயா" என்றார் இருதயராஜ் கணக்குப்பிள்ளையிடம். "மண்ணுல ஒண்ணும் வரலீங்க. எம் மச்சான் சவுரிராயன் சிரியாவுலேருந்து கொண்டாந்தான். எல்லாமே அவன் கொண்டாந்ததுதான். பெரிய மனுசரு தேடி வந்தாரேன்னு, நம்ம ஊர் மண்ணுல கிடைச்சிதுன்னு பெருமைக்கு ஒரு பிட்டு போட்டுட்டேன்."

"அடிங்க! கோணி தைக்கிற பயலுக்குப் பெருமை கேக்குதா?" கிருஷ்ணசாமி வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா சார், பட்டணத்துலேருந்து உங்களை இஸ்தாந்து பேஜார் பண்ணிட்டான். வெள்ளி வந்தா இவனுங்க உட்டு வெப்பானுங்களா? எனக்கு அப்பவே சந்தேகம்."

"அப்ப காலையில நீங்க சொன்னது?" என்று மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்.

"பொய்ங்க சார்."

சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியது.

ரயிலடிவரை இருதயராஜ் தோல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். வண்டி வருவதற்கு மணி அடித்த பிறகு மாசிலாமணி, "அந்த அம்மா முகத்தை நானும் பார்த்தேன்" என்றார். "நான்தான் வாயை விட்டுட்டேன். பரவாயில்லை, மண்டி பேரைப் போடாம எழுதறேன். உண்மையைச் சொல்லுங்க."

"ஊர்ப் பேரு போடுவீங்களா சார்?"

"ஊர்ப் பேர் போடாம எப்படி? எங்கே கிடைச்சதுங்கறதுதானே விஷயம்."

"பனமலையோ மண்டகப்பட்டோ, நம்ம பக்கத்து ஊர்ப் பேரைப் போட்டாலே, மல்லாட்டை மண்டி மண்ணுலதான் வந்துதுன்னு இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிரும் சார். கணக்குப்பிள்ளை பேப்பர் படிக்கிறவரு."

"ஊர் இல்லாட்டி அந்தக் காசுக்கு மதிப்பே இல்லையே, இருதயராஜ்."

"அப்ப சிரியான்னே போட்டுக்குங்க."

வண்டி ஏறும்வரை மாசிலாமணி இருதயராஜின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணசாமி சும்மா விடவில்லை. அன்று சாயங்காலமே குவியலைக் குடைக்கம்பியால் கிளறினார். திங்களும் செவ்வாயும் இரண்டு ஆட்களை விட்டு மண்ணைப் புடைக்கவைத்து மேலே நின்று பார்த்தார். கல் வந்தது, ஒரு லாடம் வந்தது, ஒரு தேள் வந்தது. தூசி ஏறி அவருக்கு நாலு நாள் இருமல். முதலாளி, "ஆள் கூலி யார் குடுக்கறது?" என்று கேட்டதாகக் கேள்வி. புதன்கிழமையிலிருந்து பழையபடி மண் கூடைகளில் ஏறி வீடுகளுக்குப் போனது.

இருதயராஜுக்கு மண்டியில் 'சிரியா' என்று பெயர் நிலைத்துவிட்டது. "டேய் சிரியா, மூட்டை வாய் பிரிஞ்சி கீது பாரு." "சிரியா, ஒரு பீடி குடுறா." அவர் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயர் சொன்னால் திரும்ப நேரமாகும் என்கிற அளவுக்குப் பழகிவிட்டது. சவுரியம்மாளிடம் நடந்ததை அவர் முழுக்கச் சொல்லவில்லை. கோவிந்தம்மாள்தான் குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அன்று ராத்திரி சவுரியம்மாள் அவருக்குக் கருவாடு வறுத்து வைத்தாள், எதிரில் உட்காராமல்.

ஆறு மாசம் கழித்துத் தபாலில் ஒரு சஞ்சிகை வந்தது. இங்கிலீஷ். கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி: திண்டிவனத்தில் ஒரு தொழிலாளியிடம் பதினோரு கீழ்த்திசை வெள்ளிக்காசுகள் உள்ளன, படைவீரர் ஒருவர் சிரியாவிலிருந்து கொண்டுவந்தவை என்று உடையவர் சொல்கிறார். அவ்வளவுதான். பெயர் இல்லை. "இன்னொரு வாட்டிப் படிங்க" என்றார். வாத்தியார் படித்தார். "'என்று உடையவர் சொல்கிறார்'னா போட்டிருக்காரு?" "ஆமாம். நீங்க சொன்னதாத்தான் போட்டிருக்காரு, அவர் ஒத்துக்கிட்டதா இல்லை." "சரி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மார்கழியில் புதுக்காய் வரத் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கோவிந்தம்மாள் அவர் தைத்துக்கொண்டிருந்த மூட்டை ஓரமாக வந்து குந்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி மண். நடுவில் மலை தெரிய ஒரு காசு.

அவர் மண்ணை விரலில் எடுக்கப் போனார்.

"தேய்ச்சிப் பாக்க வேணாம் தம்பி. மேல்சித்தாமூரு. மடத்துக்கு வடக்கால, வாய்க்கா மேட்டுக் கொல்லி. வண்டி ஓட்டியாந்தவன் பேரு சின்னப்பையன். ஒம்பதாவது மூட்டை, மொத சலிப்பு. நேத்து வெயில் சாயற நேரம். பக்கத்துல பாஞ்சாலி கீறா, அவளும் பாத்தா."

"பாத்தேன்" என்றாள் தூரத்திலிருந்து பாஞ்சாலி, சோற்றுக் கையோடு.

"எல்லாருக்கும் சொல்லி வெச்சிட்டேன்" என்றாள் கோவிந்தம்மாள். "இனிமே எவளுக்கு வந்தாலும் மூட்டையைப் பாக்கணும், வண்டிக்காரன் பேரைக் கேக்கணும், இன்னொருத்திகிட்ட சொல்லி வெக்கணும்னு. பதினாலு பேருமா மறந்துடுவோம், பாத்துடலாம். ஜல்தியா எழுதிக்கோ, கணக்குப்பிள்ளை வர்றான்."

இருதயராஜ் மைச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து, கோணித் துண்டு ஒன்றைக் கிழித்து, முழங்கால் மேல் வைத்து எழுதினார். மேல்சித்தாமூர். வாய்க்கா மேட்டுக் கொல்லி. சின்னப்பையன் வண்டி. கோவிந்தம்மாள் கண்டது, பாஞ்சாலி பார்த்தது.

"டேய் சிரியா! எத்தினி மூட்டைடா ஆச்சு?" என்று கிருஷ்ணசாமி கொட்டாயிலிருந்து கத்தினார்.

"பதினேழுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, மை காய்வதற்காகத் துண்டை வாயால் ஊதினார்.